பஞ்சைக் காப்பது காற்றைக் காப்பதே

மேலே ஒட்டுத்துணி வேலை, கீழே அடித்துணி, இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சு விரிப்பு. இந்த மூன்றையும் சேர்த்துத் தைத்தால் அது குயில்ட். நடுவில் இருக்கும் பஞ்சு விரிப்பைத் தைப்பவர்கள் பேட்டிங் என்பார்கள். வாடிங் என்ற பெயரும் உண்டு. தைத்து முடித்தபின் அது யார் கண்ணிலும் படாது. ஆனால் போர்த்திக்கொள்பவருக்குக் கிடைக்கும் கதகதப்பும், குயில்ட் உடம்போடு இழைந்து விழும் நளினமும், தையல் கோடுகளுக்கு இடையே எழும் மேடுபள்ளமும் அந்த நடு அடுக்கு தருபவை.

கண்ணில் படாத பொருளை வீட்டிலும் கண்ணில் படாத இடத்திலேயே வைத்துவிடுகிறோம். துணிகளை நிறம் பிரித்து அழகாக அடுக்குபவர்கள்கூட பேட்டிங்கைப் பரணில் திணிப்பார்கள், கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள், மளிகைக்கடைப் பையில் அமுக்கிக் கட்டி வைப்பார்கள். சில மாதம் கழித்துத் தைக்க எடுத்தால் ஒன்று அழுந்திப்போன மடிப்பு இருக்கும், இல்லையென்றால் மஞ்சள் பூத்திருக்கும், அதுவும் இல்லையென்றால் பூசண வாடை அடிக்கும். கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலும் சரக்கில் குறை இருக்காது. இந்தக் கேடுகள் ஒவ்வொன்றுக்கும் இழையின் இயற்பியலிலும் வேதியியலிலும் தெளிவான காரணம் இருக்கிறது. காரணத்தைப் புரிந்துகொண்டால், அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே தடுத்துவிடலாம்.

நூற்றுக்கு மூன்று பங்குதான் பஞ்சு

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையும் 3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட பருத்தி பேட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் துண்டின் கனஅளவு 3 லிட்டர். பருத்தி இழையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.54 கிராம். அப்படியானால் 150 கிராம் பஞ்சு உண்மையில் அடைத்துக்கொள்ளும் இடம் 100 மில்லிலிட்டரைக்கூட எட்டாது. மூன்று லிட்டரில் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு பஞ்சு. மீதி 97 பங்கும் காற்று. உப்பலான பாலியெஸ்டர் பேட்டிங்கில் இழையின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும்.

குளிரைத் தடுக்கும் வேலையைச் செய்வது இந்தக் காற்றுதான். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். அறை வெப்பநிலையில் அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்குச் சுமார் 0.026 வாட். இழைகளின் கடத்துதிறன் இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் காற்றைச் சும்மா விட்டால் ஓரிடத்தில் நிற்காது. சூடான காற்று மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும், அந்த ஓட்டத்தோடு வெப்பமும் போய்விடும். காற்றை மிகச்சிறு அறைகளில் பிடித்து ஓடவிடாமல் நிறுத்துவதே இழைகளின் வேலை. ஆகவே பேட்டிங்கின் தடிமன் பாதியாகக் குறைந்தால், பஞ்சு ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் கதகதப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அந்தச் சிற்றறைகளைத் தாங்கி நிற்பவை இழையில் உள்ள வளைவுகளும் முறுக்குகளும். செடியில் காய் வெடித்துப் பருத்தி காயும்போது, உள்ளே குழாயாக இருந்த இழை ஒடுங்கித் தட்டையாகி, நாடாவைப்போல முறுக்கிக்கொள்கிறது. கம்பளி இழையின் உள்ளே இரு வகைச் செல்கள் பக்கம் பக்கமாக இருப்பதால் அது இயல்பாகவே சுருண்டு வளர்கிறது. பாலியெஸ்டர் 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்த இழை. உருக்கி இழுக்கும்போது அது நேராகத்தான் வரும். பிறகு இயந்திரத்தில் நெளித்து, சூடாக்கி, அந்த நெளிவை நிலைக்க வைக்கிறார்கள். பேட்டிங்கைப் பாதுகாப்பது என்றால் இந்த நெளிவுகளைப் பாதுகாப்பது என்று பொருள். அவற்றைக் கெடுக்க முதலில் வருவது எடை.

அழுத்தமும் நாள்கணக்கும்

பஞ்சைக் கையால் அமுக்கிவிட்டு எடுத்தால் உடனே எழும்பிவிடும். அதே பஞ்சின் மேல் ஒரு சூட்கேஸை வைத்து ஆறு மாதம் விட்டால் எழும்பாது. அழுத்தம் எவ்வளவு என்பதைப்போலவே அது எத்தனை நாள் நீடித்தது என்பதும் முக்கியம். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன எந்த இழையும் தொடர்ந்த பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல இடம் மாறிப் புது நிலைக்குப் பழகிக்கொள்ளும்.

பருத்தியில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். அதன் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். காற்றின் ஈரம் உள்ளே புகும்போது இந்தப் பிணைப்புகள் நெகிழ்ந்து, உலரும்போது மறுபடியும் இறுகும். மடித்து அமுக்கிய நிலையில் மழைக்காலமும் வெயில்காலமும் மாறி மாறி வந்தால், மடிந்த நிலையிலேயே புதுப் பிணைப்புகள் உண்டாகிவிடும். துணியில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடும்போது நடப்பதும் இதே வேதியியல்தான். அங்கே நாம் விரும்பிச் செய்கிறோம், இங்கே விரும்பாமலே நடந்துவிடுகிறது.

பாலியெஸ்டருக்கு ஈரத்தைப் பற்றிக் கவலை இல்லை. அதன் பகை வெப்பம். 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் அதன் மூலக்கூறுகள் விறைப்பு தளர்ந்து நகரத் தொடங்கும். தகரக் கூரைக்கு அடியிலும், மூடி வெயிலில் நிறுத்திய காரிலும் சூடு மிக அதிகமாக ஏறும். அந்தச் சூட்டில் பாரமும் சேர்ந்தால், தொழிற்சாலையில் போட்ட நெளிவு வீட்டிலேயே அழிந்துபோகும்.

காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பைகளை இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக, கூரியரில் அனுப்ப, சில நாளைக்கு இடத்தை மிச்சப்படுத்த அவை மிக நல்ல வசதி. மாதக்கணக்கில் வைப்பதற்கு அவை வேண்டாம். நாம் காக்க வேண்டிய காற்றையே வெளியேற்றிவிட்டு, நெளிவுகள் அனைத்தையும் நசுங்கிய நிலையிலேயே பழகவிடுகிறோம்.

பேட்டிங்கை வைக்கச் சிறந்த வழி, குழாயில் தளர்வாகச் சுற்றி வைப்பது. துணிக்கடையில் தூக்கிப்போடும் கெட்டி அட்டைக் குழாய் போதும். குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு நல்லது. வளைவு மென்மையாக இருக்கும். சுருளைப் படுக்கையாகத் தரையில் வைத்தால் பாரம் ஒரே பக்கத்தில் இறங்கும். குழாயின் இரு முனைகளையும் கொக்கியிலோ தாங்கியிலோ மாட்டித் தொங்கவிட்டால் பஞ்சின் மேல் எந்த அழுத்தமும் இருக்காது. சுருளைச் செங்குத்தாக நிறுத்தினால் தளர்ந்த அடுக்குகள் கீழே சரிந்து ஓரம் கசங்கும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் துணி நாடாவால் இரண்டு மூன்று இடத்தில் லேசாகக் கட்டி நிறுத்துங்கள்.

சுற்றி வைக்க இடமில்லை, மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றால், மடிப்புக்குள் பழைய துணியை உருட்டி வையுங்கள். மடிப்பு கூர்மையாக விழாது. சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள். பழந்துணிகளைக் காக்கும் அருங்காட்சியகங்களிலும் இந்த இரண்டையும்தான் செய்கிறார்கள். மேலே எதையும் அடுக்க வேண்டாம். அலமாரியில் எல்லாவற்றுக்கும் மேல் தட்டு பேட்டிங்குக்கு உரியது.

மழைக்காலத்தைப் பைக்குள் கட்டாதீர்கள்

ஒவ்வொரு இழைக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் அளவு வேறு. உலர்ந்த எடையோடு ஒப்பிட்டு இதைச் சொல்வார்கள். நெசவுத் தொழிலில் கணக்கு போடும்போது பருத்திக்கு 8.5 விழுக்காடு, பாலியெஸ்டருக்கு வெறும் 0.4 விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறார்கள். கம்பளி 13 விழுக்காட்டுக்கும் மேலே போகும். இழை நனைந்திருப்பதாகக் கைக்குத் தெரியாத நிலையில் உள்ள அளவு இது. மழைநாளில் காற்றின் ஈரம் ஏறினால் பருத்தியும் கம்பளியும் இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

அரைக் கிலோ பருத்தி பேட்டிங்கை 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடுகிறோம் என்று வையுங்கள். பஞ்சுக்குள் உள்ள தண்ணீர் ஏறத்தாழ 40 கிராம். பெட்டியில் உள்ள காற்று 30 டிகிரி வெப்பத்தில், மழைநாளின் ஈரத்தோடே இருந்தாலும், அதில் உள்ள நீராவி ஒரு கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. மூடிய பெட்டிக்குள் ஈரத்தின் அளவை முடிவு செய்வது காற்றில்லை, பஞ்சுதான் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் குடித்த பேட்டிங்கைப் பையில் போட்டுக் கட்டினால், வெளியே மழை விட்டபின்னும் உள்ளே மழைக்காலம் தொடரும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியை விட்டு மூடிய கதைதான்.

காலணிப் பெட்டியில் வரும் சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் ஈரத்தை இழுக்கும். ஐந்து கிராம் பொட்டலம் இரண்டு கிராமைக்கூட இழுக்காது. பஞ்சுக்குள் இருப்பதோ 40 கிராம். பொட்டலத்தால் தீங்கில்லை, ஆனால் அதை நம்பி ஈரப் பஞ்சைக் கட்டக் கூடாது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணம் வளர வாய்ப்பு வந்துவிடும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது பல மாதங்களுக்கு உள்ள நிலை. செல்லுலோஸ் பூசணத்துக்கு நேரடி உணவு. பாலியெஸ்டரைப் பூசணத்தால் தின்ன முடியாது என்றாலும், அதில் படிந்த தூசும் கையின் எண்ணெய்ப் பசையும் அதற்குப் போதும்.

ஆகவே மூடி வைப்பதாக இருந்தால் உலர்ந்த நாளில் மூடுங்கள். மாசி, பங்குனியில் வெயில் நன்றாகக் காயும் நண்பகலில் பேட்டிங்கை அறைக்குள் விரித்துச் சில மணி நேரம் மின்விசிறிக் காற்றில் விட்டு, பிறகு சுற்றி வையுங்கள். மற்ற மாதங்களில் பிளாஸ்டிக்கைவிடத் துணி உறையே நல்லது. பழைய பருத்திப் போர்வையோ வேட்டியோ போதும். தூசைத் தடுக்கும், காற்றை விடும். நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். சிமெண்ட் தரை கீழிருந்து ஈரத்தை ஏற்றும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

வெள்ளை பேட்டிங் மஞ்சளாவதற்குப் பல காரணங்கள். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டுகிறது. சன்னலோரத்தில் வைத்த பஞ்சு நிறம் மாறி வலுவும் இழக்கும். மரப்பலகையும் பிளைவுட்டும் தொடர்ந்து அசிட்டிக் அமிலம் போன்ற ஆவிகளை வெளியிடுகின்றன. சாதாரண அட்டையிலும் செய்தித்தாளிலும் உள்ள லிக்னின் பழசாகும்போது அமிலப் பொருள்கள் வரும். அவை பட்ட இடம் பழுப்பேறும். அட்டைக் குழாயின் மேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டு அதன்மேல் பேட்டிங்கைச் சுற்றச் சொல்வது இதனால்தான். மரத்தட்டிலும் ஒரு துவைத்த வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளலாம்.

பலரும் அறியாத காரணம் ஒன்று உண்டு. பாலித்தீன் பைகள் சீக்கிரம் நொறுங்காமல் இருக்க, அவற்றில் பி.எச்.டி. என்ற ஃபீனால் வகைப் பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது பையிலிருந்து மெல்ல ஆவியாகிப் பஞ்சில் படியும். வாகனப் புகையிலும் அடுப்பு வாயுவிலும் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் அதோடு வினைபுரிந்தால் மஞ்சள் நிறச் சேர்மம் உருவாகிறது. ஆடைத் தொழிலில் ஃபீனாலிக் மஞ்சளாதல் என்று பெயர் பெற்ற பெரிய சிக்கல் இது. பைகளையும் துணிகளையும் இதற்காகச் சோதிக்கத் தனி ஐ.எஸ்.ஓ. சோதனைமுறையே உண்டு. சமையலறையை ஒட்டியோ வண்டி நிறுத்தும் இடத்திலோ பாலித்தீன் பையில் வைத்த வெள்ளைப் பஞ்சு, மடிப்பு வெளித்தெரியும் ஓரங்களில் மட்டும் மஞ்சளாகியிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கடையில் கொடுத்த பை கொண்டுவருவதற்கு. வைத்திருப்பதற்குத் துணி உறை.

வெளுக்காத பருத்தி பேட்டிங்கில் தெரியும் கரும்பழுப்புப் புள்ளிகளைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை பருத்தி விதைத்தோலின் துணுக்குகள். வெள்ளை மேல்துணிக்குக் கீழே அவை நிழலாகத் தெரியும் என்பதால், அந்த இடத்துக்கு வெளுத்த வகையைப் பயன்படுத்தினால் போதும்.

யார் எதைத் தின்னும்?

பூச்சிகளுக்கு இழை என்பது உணவு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வு உண்டு. அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்க வல்லவை. அவற்றின் குறி கம்பளி பேட்டிங். பருத்தியும் பாலியெஸ்டரும் அவற்றுக்கு உணவாகா. வெள்ளிமீன் பூச்சிக்கு மாவுச்சத்தும் செல்லுலோஸும் பிடிக்கும். கஞ்சி போட்ட துணியால் பேட்டிங்கை மூடினால் அதற்கு விருந்து வைத்ததாகும். உறைத்துணியைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கரப்பானுக்கும் எலிக்கும் இழையின் வகை ஒரு பொருட்டில்லை. எலிக்கு அது மெத்தென்ற கூடு; பாலியெஸ்டரையும் கடித்து இழுத்துப் போகும்.

நம் வீடுகளில் பூச்சி என்றதும் கை அந்துருண்டைக்குப் போகும். குழந்தைக்கான குயில்ட்டில் சேரப்போகும் பஞ்சோடு அதை வைக்கவே கூடாது. அந்துருண்டையிலிருந்து வரும் நாப்தலீன் ஆவி இழையில் நன்றாகப் படிந்து, நெடுநாள் தங்கும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு நாப்தலீன் பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, கடுமையான இரத்தசோகையும் மஞ்சள்காமாலையும் வரலாம். அந்துருண்டையோடு வைத்த துணியில் குழந்தையைப் போர்த்தியதால் இப்படி நேர்ந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. குறைபாடு இருப்பது பல வீடுகளில் அதுவரை தெரிந்தே இருக்காது.

கம்பளி பேட்டிங்கில் பூச்சி வந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டி கைகொடுக்கும். பஞ்சைக் காற்றுப்புகாப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டைகள் வரை அழியும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பஞ்சின் மேல் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும்.

விரித்து, பார்த்து, பிறகு வெட்டுங்கள்

சுருளிலிருந்து எடுத்த பேட்டிங்கை உடனே தைக்கக் கூடாது. முந்தைய நாள் இரவே கட்டிலில் விரித்துவிடுங்கள். அழுத்தம் நீங்கியதும் இழைகள் தாமாக எழும்பும். மடிப்பு பிடிவாதமாக நின்றால், பருத்தியாக இருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து, கையால் நீவிக் காயவிடுங்கள். முன்பு இறுகிய ஹைட்ரஜன் பிணைப்புகளை அந்த ஈரமே தளர்த்திவிடும். பாலியெஸ்டரின் மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள். உருகாவிட்டாலும் உப்பல் அமுங்கிவிடும்.

பிறகு அதன் அமைப்பைப் பாருங்கள். வெறும் பஞ்சு அடுக்கு தானாக ஒட்டி நிற்காது. கட்டிவைக்க ஏதாவது வேண்டும். 1846இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய ஸ்டேர்ன்ஸ் அண்ட் ஃபாஸ்டர் நிறுவனம், பஞ்சு விரிப்பின் மேல் மாவுப்பசை பூசி உதிராமல் நிறுத்தியது. இன்று மூன்று முறைகள் பரவலாக உள்ளன. முள் வைத்த ஊசிகளால் ஆயிரமாயிரம் முறை குத்தி இழைகளைப் பின்னவிடுவது ஒன்று. பிசின் தெளிப்பது இன்னொன்று. சீக்கிரம் உருகும் இழையைக் கலந்து சூடாக்கி ஒட்டவைப்பது மற்றொன்று. சிலவற்றில் வலைபோன்ற மெல்லிய தாங்குதுணியும் சேர்ந்திருக்கும். எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதோ, அவ்வளவு தள்ளித் தள்ளித் தைக்கலாம். தாங்குதுணியோடு ஊசி குத்திய பருத்தி வகை சிலவற்றில் தையல் கோடுகளுக்கு இடையே 10 அங்குலம் வரை விடலாம். கட்டு இல்லாத பஞ்சில் அப்படி விட்டால் துவைக்கும்போது உருண்டு திரளும்.

ஊசி குத்திய பேட்டிங்கை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் சின்னச் சின்னக் குழிகள், மறுபக்கம் மேடுகள். குழி உள்ள பக்கத்திலிருந்து ஊசி நுழைந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மேல்துணியை நோக்கி வைத்தால், நம் ஊசியும் அதே திசையில் இறங்கும். இழைகள் மேல்துணி வழியாக வெளியே முளைப்பது குறையும். கருப்பு, கருநீலத் துணிகளில் இந்த வெள்ளை இழைகள் பளிச்சென்று தெரியும் என்பதால், அவற்றுக்கென்றே கருப்பு பேட்டிங் வருகிறது. அடுத்து, இரு கையால் பிடித்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு வாக்கில் அதிகம் இழுபடும். சுவரில் தொங்கவிடும் குயில்ட்டுக்கு, குறைவாக இழுபடும் வாக்கு மேலும் கீழுமாக வர வேண்டும். இல்லையென்றால் தொங்கித் தொங்கி நீளும்.

வெட்டும்போது மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 3 அல்லது 4 அங்குலம் கூடுதலாக விடுங்கள். தைக்கத் தைக்க மூன்று அடுக்கும் உள்வாங்கும். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஓரங்களை நேராக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, அகலமான ஜிக்ஜாக் தையல் போட்டால் பெரிய விரிப்பாகிவிடும். ஒரே வகைத் துண்டுகளை மட்டும் சேருங்கள். பருத்தி பேட்டிங் முதல் துவைப்பில் 3 முதல் 5 விழுக்காடு வரை சுருங்கலாம். 2 மீட்டர் குயில்ட்டில் அது 6 முதல் 10 சென்டிமீட்டர். பாலியெஸ்டர் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. இரண்டையும் ஒட்டித் தைத்தால் துவைத்தபின் இணைப்பில் சுருக்கம் விழும்.

துண்டுகளை வகை பிரிக்க வேண்டும் என்றால் எது எந்த வகை என்று தெரிய வேண்டும். உறையைக் கிழித்துப் போட்டபின் எல்லாப் பஞ்சும் வெள்ளைதான். ஆகவே வாங்கிய அன்றே ஒரு சீட்டில் இழையின் வகை, கலப்பு விகிதம், சுருங்கும் அளவு, தையல் இடைவெளி, வாங்கிய மாதம் ஆகியவற்றை எழுதி, ஊக்கால் சுருளில் குத்திவிடுங்கள். துரு ஏறாத ஊக்காக இருக்கட்டும்.

தூசும் தீயும்

பேட்டிங்கை வெட்டும்போதும் தைக்கும்போதும் நுண் இழைகள் உதிரும். தையல் மெஷினில் பாபின் கேஸைச் சுற்றியும், துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியிலும் அவை சேர்ந்து, எண்ணெயைக் குடித்து, கெட்டியான படலமாகும். அதன்பின் நூல் அறுவதும் தையல் விட்டுவிட்டு விழுவதும் தொடங்கும். பேட்டிங் தைக்கும் நாள்களில் ஊசித்தட்டைக் கழற்றிச் சின்ன பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். வாயால் ஊதினால் தூசு இன்னும் உள்ளே போகும். மூச்சின் ஈரமும் சேரும்.

பருத்தித் தூசு நுரையீரலுக்கும் நல்லதில்லை. நூற்பாலைகளில் ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு வரும் பிசினோசிஸ் நோய் உலகம் அறிந்தது. விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். பஞ்சோடு வரும் இலைத் துணுக்குகளில் வளரும் பாக்டீரியாவின் நச்சுப்பொருள் அதற்கு முக்கியக் காரணம். வீட்டில் தைப்பவருக்கு அந்த அளவு தூசு வராது. ஆனாலும் பஞ்சை உதறுவதை மொட்டை மாடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் அணிவது அறிவுடைமை.

தீயைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் மிகையில்லை. காற்று நிறைந்த பருத்தி நொடியில் பற்றும். அணைந்ததாகத் தோன்றினாலும் உள்ளே கங்காக நெடுநேரம் புகைந்து மறுபடி எரியும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும். சொட்டு பட்ட இடத்தில் தோல் வெந்துபோகும். இஸ்திரிப்பெட்டி, பூஜை விளக்கு, கொசுவர்த்தி ஆகிய மூன்றும் பஞ்சு இருக்கும் அறையில் வேண்டாம்.

நமக்குப் பழக்கமான அறிவு

இதெல்லாம் நமக்கு முற்றிலும் புதிதில்லை. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுக் கோலால் தட்டி எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. வெயில் ஈரத்தை விரட்டும். தட்டும்போது அமுங்கிய இழைகள் பிரிந்து காற்று திரும்ப உள்ளே வரும். போடிநாயக்கனூர்ப் பக்கம் பெருந்தொழிலாக வளர்ந்த இலவம்பஞ்சின் இழை உள்ளீடற்ற குழாய். வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரை எளிதில் ஏற்காது. ஒரு காலத்தில் உயிர்காப்பு மேலங்கிகளில் அதை அடைத்தார்கள். ஆனால் வழுவழுப்பான அந்த இழைகள் ஒன்றையொன்று பற்றாதவை. விரிப்பாக நிற்காது, ஊசித்துளை வழியே வெளியேறும். குயில்ட்டில் போட விரும்பினால், நெருக்கமாக நெய்த துணியில் சிறு அறைகளாகத் தைத்து அடைக்க வேண்டும். மீதியை உறைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

ஒரு குயில்ட்டுக்குப் பின்னால் பல வார உழைப்பு இருக்கிறது. அதைத் தைப்பவர் தன் பேரனுக்கோ மகளுக்கோ, பல ஆண்டு பயன்பட வேண்டும் என்று நினைத்துத்தான் தைக்கிறார். அந்த ஆயுளில் பாதி, ஊசி எடுப்பதற்கு முன்பே, பஞ்சு இருந்த இடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. உங்கள் அலமாரியின் மேல் தட்டை இந்த வாரம் காலி செய்யுங்கள். கஞ்சி போகத் துவைத்த ஒரு பழைய வேட்டி, ஒரு பருமனான குழாய், ஒரு சீட்டு, ஒரு ஊக்கு இவ்வளவும் போதும். பரணில் இருக்கும் பேட்டிங்கை இறக்கி, விரித்து, காற்றாடவிட்டு, அங்கே குடியேற்றுங்கள்.